வெளுப்பு வாரத்துப் பிள்ளை

வேலாங்காட்டுவலசில் முதல் நீலக் குழந்தை பிறந்தபோது யாரும் அலறவில்லை. பிரசவம் பார்த்தவள் குழந்தையை வெந்நீரில் ஒருதரம் கழுவினாள், இன்னொரு தரம் கழுவினாள், ஈரத்துணியால் முதுகைத் தேய்த்து அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், துணியில் ஒன்றும் இறங்கவில்லை என்று கண்டதும், "கெட்டிச் சாயமுங்க, வெளுக்காது" என்று வாசலில் நின்ற தகப்பனுக்குச் சொல்லிவிட்டு வெற்றிலைக்குக் கை நீட்டினாள். தகப்பனும் நிம்மதியாக மூச்சுவிட்டான், ஏனென்றால் எங்கள் ஊரில் வெளுக்கிற சாயத்துக்குத்தான் கெட்ட பெயர், கெட்டிச் சாயத்தை யார் என்ன குறை சொல்ல முடியும்.

எங்கள் ஊருக்கு மேற்கே, ஆறு திரும்புகிற இடத்தில் சாயப்பட்டறை வந்து அப்போது சில வருஷம் ஆகியிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் போடும் பனியனுக்குச் சாயம் ஏற்றுகிற பட்டறை அது. அங்கே ஒரு லாட்டுத் துணிக்குச் சிவப்பு போட்டால் மறுநாள் ஆறு சிவப்பாக வரும், மஞ்சள் போட்டால் மஞ்சளாக வரும், ஆற்றைப் பார்த்துக் கிணறு கற்றுக்கொள்ளும், கிணற்றைப் பார்த்துத் தென்னை கற்றுக்கொள்ளும், கடைசியில் இளநீர் வெட்டினால் அதுவும் லேசான ரோஸாக இருக்கும், அதையும் குடித்துவிட்டு, ‘இன்னைக்கு ரோஸ் லாட்டு ஓடுதாட்ட இருக்குது’ என்று வாயைத் துடைத்துக்கொள்வோம். நீலத்துக்குப் பின்னால் ஒரு வாடாமல்லி பிறந்தது, ஒரு மாம்பழ மஞ்சள் பிறந்தது, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டோம். கரு தங்கிய வாரத்தில் ஆறு என்ன நிறமோ அந்த நிறத்தில் பிள்ளை பிறக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை, விரல்விட்டு மாதத்தைப் பின்னோக்கி எண்ணத் தெரிந்தால் போதுமாக இருந்தது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், எங்களுக்கு அதிசயமே புளித்துப்போனது. குழந்தை பிறந்தால் தாய்மாமன் சீர் கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது அந்தச் சீரில் குழந்தையின் நிறத்துக்கு ஒத்த துணி ஒன்றும் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது, ஷேடு கொஞ்சம்கூட மாறக்கூடாது, கிளிப்பச்சைப் பிள்ளைக்குப் பாசிப்பச்சைத் துணி கொண்டுவந்த ஒரு மாமனோடு அவன் அக்கா இன்றுவரை பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. கல்யாணத் தரகர் ஜாதகத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு முதலில் ஷேடைத்தான் கேட்டார். நீலமும் மஞ்சளும் கட்டிக்கொண்டால் ஆற்றின் நிறத்தையும் மீறி அநேகமாகப் பச்சை பிறந்தது, ஆனால் இரண்டு பச்சைகளுக்குப் பிறந்த பிள்ளை திடீரென்று பாட்டனின் நீலத்தில் வந்து நின்றதும் உண்டு, அதற்காக யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை, சாயம் உள்ளே ஒளிந்திருந்து ஒரு தலைமுறை தள்ளி வெளியே வரும் என்று தெரிந்துகொண்டோம். ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். சிவப்புப் பிள்ளைக்கு உள்ளங்கை மட்டும் பச்சை, பச்சைப் பிள்ளைக்கு உள்ளங்கை மட்டும் சிவப்பு, வயிற்றுக்குள்ளேயே ஆளுக்கொரு துண்டை மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்லிச் சிரித்தோம். பட்டறையில் மின்சாரம் போய் ஆறு சும்மா ஓடிய நாட்களில் தங்கிய குழந்தைகள் மட்டும் பழைய மனித நிறத்தில் பிறந்தன. அவற்றுக்குக் ‘கரண்ட் கட் பிள்ளைகள்’ என்று பெயர் வைத்து, பாவம் என்று கொஞ்சம் கூடுதலாகக் கொஞ்சினோம்.

சிரிக்க முடியாதவையும் இருந்தன. நல்ல மயில்கழுத்து நிறத்தில் பிறந்து மூச்சே விடாத பிள்ளைகள் இருந்தார்கள். பல் முளைக்காதவர்கள் இருந்தார்கள், பத்து வயதில் முடி கொட்டிப்போனவர்கள் இருந்தார்கள், இரண்டு தப்படி ஓடினால் இளைக்கிறவர்கள் இருந்தார்கள். மூச்சு விடாதவர்களுக்கும் தாய்மாமன் துணி வந்தது, அதில் சுற்றித்தான் ஆற்றங்கரை வேலிமுள்ளுக்கு அந்தப் பக்கம் புதைத்தார்கள், அங்கே போய்வந்தவர்கள் பட்டறையைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஏனென்றால் வாயில் போகிற சோறு பட்டறையிலிருந்து வந்தது.

அந்தப் பட்டறையில் சென்னியப்பன் சாய மாஸ்டர். அவன் ஒரு கரண்ட் கட் பிள்ளை, அதனால் மண் நிறத்துக்காரன். எந்த ஷேடைக் காட்டினாலும் அப்படியே கொண்டுவந்துவிடுவான், சாயம் பிடிக்க எவ்வளவு உப்பு, எவ்வளவு சோடா என்பது அவன் கைக்குத் தெரியும். அவன் கட்டிக்கொண்டு வந்த துளசிமணி தாராபுரத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அவளும் மண் நிறம்தான், இன்னும் சொன்னால் கருப்பு, அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் தின்றுவிட்டு எழுந்துபோன கதை அவள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை முதன்முதலாகத் தெருவில் பார்த்த அன்று அவள் பயப்படவில்லை, அழவில்லை. கலர்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனால் கூட்டம் கூடும் என்று மட்டும் நினைத்தாள், தன்னை வேண்டாம் என்று எழுந்துபோனவர்களும் அந்தக் கூட்டத்தில் நிற்பார்கள் என்று நினைத்தாள்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங் மாமா, அடுத்த வாரம் என்ன லாட்டுங்?"

"வெள்ளை. வாரம் முச்சூடும் ப்ளீச்சிங்தான்."

துளசிமணி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அட நீ நெனைக்கறாப்பல இல்ல புள்ள. ப்ளீச்சிங்குன்னா வெள்ளையப் போடறதில்ல. இருக்கறத எடுக்கறது."

"இருக்கறது கருப்புத்தானுங். அத எடுத்தாப் போதும், வேறென்ன வேணும் நமக்கு."

அதற்குச் சென்னியப்பன் பதில் சொல்லியிருக்க வேண்டும். துணியில் அழுக்கை எடுத்த பிறகும் மருந்து நிற்காது, அடுத்து நிறத்தை எடுக்கும், விட்டுவைத்தால் நூலையே எடுக்கும், அளவு தெரிந்து அலசாவிட்டால் கையில் துணி இருக்காது என்பது அவனுக்குத் தெரியாதா. ஆனால் அவனுக்கும் வெள்ளைப் பிள்ளை என்றால் கசக்கவில்லை. அவனுக்கு மட்டுமா, ப்ளீச்சிங் வாரம் என்று செய்தி பரவியதும் ஊரில் அத்தனை வீட்டிலும் விளக்கு சீக்கிரம் அணைந்தது, கோபித்துக்கொண்டு போன மனைவிமார்கள் பஸ் பிடித்துத் திரும்பிவந்தார்கள், கலர்ப் பிள்ளைகள் அழகு என்று பக்கத்து ஊர்க்காரர்களிடம் சண்டை போட்டவர்கள்தான் எல்லோரும். உலகத்தில் உள்ள எல்லா நிறத்தையும் பெற்றுப் பார்த்த பிறகும் எங்கள் புத்தி அந்த ஒரு நிறத்துக்குத்தான் நாக்கைத் தொங்கப்போட்டது. அத்தனை வீட்டில் மூன்று வீட்டில்தான் கரு தங்கியது.

துளசிமணிக்குப் பெண் பிறந்தாள். தும்பைப்பூ தோற்றது. பார்க்க வந்தவர்கள் தின்பண்டத்தை மறந்து நின்றார்கள், ஒருத்தி தன் வாடாமல்லிப் பையனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். துளசிமணியின் தம்பி ராக்கியப்பன் வேன் வைத்துக்கொண்டு சீர் கொண்டுவந்தான், தூய வெள்ளைத் துணியைக் குழந்தையின் மேல் போர்த்தியபோது துணி எது பிள்ளை எது என்று தெரியவில்லை, ஷேடு இப்படி ஒத்துப்போய் ஊர் பார்த்ததில்லை. பனிமலர் என்று பெயர் வைத்தார்கள். குழந்தையை எடுத்துக்கொண்டு பிறந்த ஊருக்குப் போன துளசிமணி, தன்னை வேண்டாம் என்றவர்களின் வீட்டு வழியாகவே நடந்து போனாள், வேறு வழி இருந்தும் அந்த வழியாகவே திரும்பி வந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறில்லை.

பல் முளைக்கிற வயதில் குழந்தையின் விரல் நுனிகள் கண்ணாடி போல ஆகின. வெயிலில் கையைத் தூக்கினால் கைக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரம் தெரிந்தது. நடக்கிற வயதில் கால்கள் முழங்கால் வரை மறைந்துவிட்டன. மூன்று வயதில் காதுகுத்து வைத்தார்கள். ராக்கியப்பன் மடியில் உட்காரவைத்து வெற்றிலை பாக்கை எல்லாம் தயாராக வைத்தபிறகு ஆசாரி ஊசியைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், கடைசியில் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "காது தெரியாமக் குத்தமாட்டனுங்க, பாவம் வந்து சேரும்" என்று எழுந்துகொண்டார். ராக்கியப்பன் மடியில் இருந்த கனத்தை மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டான். அன்றைக்குப் பந்தியில் அவன் சாப்பிடவில்லை, அதற்குப் பிறகு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை.

மற்ற இரண்டு வெளுப்பு வாரத்துப் பிள்ளைகளும் அப்படியே கரைந்தார்கள். ஒருவனைத் தாயும் தகப்பனும் வேண்டுதல் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவே இல்லை. இன்னொருவன் மாரியம்மன் நோம்பிக் கூட்டத்தில் தாயின் விரலை விட்டுவிட்டான். அவள் காலடியில் எல்லாம் துழாவித் துழாவி அழுதாள், கூட்டம் கலைந்த மைதானத்தில் பொழுது சாயும்வரை காற்றைக் கட்டிக் கட்டிப் பார்த்தாள், பாவம், கையில் ஒன்றும் அகப்படவில்லை.

அதனால் துளசிமணி பனிமலரின் கையை விடவே மாட்டாள். ஐந்து வயதில் பிள்ளை முழுக்கக் கண்ணுக்கு மறைந்துவிட்டாள், ஆனால் கையில் இருந்தாள், மடியில் கனத்தாள், தலை வாரினால் சிக்கு இருந்தது, குளிக்கப் பயந்து ஓடினாள். புதுக் கவுன் போட்டால் கவுன் மட்டும் வாசலில் குதித்துக்கொண்டிருக்கும், அது ஒரு பொழுதுதான், அவள் மேல் பட்ட துணியும் சாயங்காலத்துக்குள் வெளுத்துக் கண்ணாடியாகிவிடும். கருப்புத் துணி மட்டும் இரண்டு நாள் தாங்கியது. கொலுசு போட்டார்கள், ஒரு வாரத்தில் கொலுசு மறைந்தது, சத்தம் மட்டும் கொஞ்சகாலம் வீட்டைச் சுற்றியது, பிறகு சத்தமும் தேய்ந்து போயிற்று. பக்கத்து வீட்டு மயிலாத்தாளின் பிள்ளைகள், ஒன்று நேவி நீலம், ஒன்று கிளிப்பச்சை, அவளோடு எல்லா விளையாட்டும் விளையாடினார்கள், கண்ணாமூச்சிக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. மயிலாத்தாள் நல்லவள், தன் பிள்ளைகளுக்குத் தட்டு வைக்கும்போது மூன்றாவதாக ஒரு தட்டும் வைப்பாள்.

கொலுசுச் சத்தம் தேய்ந்ததைப் போலப் பிள்ளையின் குரலும் மெலிவதைக் கண்டுபிடித்தவள் துளசிமணிதான். அடுப்படியிலிருந்து கேட்ட குரல் இப்போது பக்கத்தில் வந்தால்தான் கேட்டது. அன்றைக்கே கணவனை இழுத்துக்கொண்டு பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே ஒரு லேடி டாக்டர். நாற்காலியில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து அவர் திகைக்கவில்லை, கையை நீட்டச் சொல்லி, தொட்டு நாடி பார்த்து, தடவித் தடவி நரம்பைக் கண்டுபிடித்து ரத்தம் எடுத்தார். ரத்தமும் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து வரச் சொல்லி, உட்காரவைத்துச் சொன்னார்.

"உடம்புல ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் நூல் சுத்தி வெச்ச மாதிரி குரோமோசோம்னு ஒண்ணு இருக்கு. நாம எப்படி இருக்கணும்ங்கறது அந்த நூல்லதான் இருக்கு. அதைச் சும்மா வெச்சுப் பார்த்தா தெரியாது, சாயம் ஏத்தினாத்தான் லென்ஸ்ல தெரியும். உங்க பொண்ணோடதுல சாயம் பிடிக்கவே மாட்டேங்குது."

சென்னியப்பன் மெதுவாகக் கேட்டான். "உப்புப் பத்தலீங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "என்ன போட்டாலும் பிடிக்கலைங்க. பிடிச்சுக்கறதுக்கு அங்க ஏதாவது இருக்கணும் இல்லையா. சில துண்டு விட்டுப்போயிருக்கு, சிலது தலைகீழா இருக்கு, சிலது இடம் மாறி ஒட்டியிருக்கு."

சாய மாஸ்டருக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் இரண்டு கையையும் முழங்கால் நடுவில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டான்.

"எதனாலங்க இப்படி ஆச்சு?" என்றாள் துளசிமணி. "நாங்க பண்ணுன தப்புங்களா?"

"பல காரணம் இருக்கலாம்மா. சில ரசாயனம் பண்ணும், கதிர்வீச்சு பண்ணும். சில சமயம் வெளிக்காரணமே இருக்காது, நகல் எடுக்கறப்ப ஒரு எழுத்து விட்டுப்போற மாதிரி தானா விட்டுப்போகும். ஆனா உங்க ஊர்ல இத்தனை பேருக்கு இருக்குன்னா அது தானா வந்தது இல்லை. தண்ணிதான்னு நான் நினைக்கறேன். துணியில பட்ட கறைன்னா துவைச்சா போகும், இது நெசவுலயே மாறினது. போனதை என்னால திரும்பக் கொண்டுவர முடியாது. அந்தத் தண்ணி நின்னா, இருக்கறது மேல வெளுக்காம நிக்கலாம். குரலாவது நிக்கலாம். உறுதியா சொல்லமாட்டேன்."

அரசாங்கத்துக்கு எழுதுகிறேன் என்றார். ஆய்வுக்கு ஆள் வருவார், அவர் கண்ணுக்கு இந்தப் பிள்ளையை ஒரு தடவை காட்டிவிட்டால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். எப்படிக் காட்டுவது என்று துளசிமணிக்குத் தெரிந்திருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் ஒரு கருப்புக் கவுன் எடுத்தாள், அதிகாரி வருகிற அன்று காலையில் போட்டுவிடுவது என்று துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் பனிமலர் அந்தப் பைக்குள் கைவிட்டுக் கைவிட்டு அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதிகாரி வரும் நாள் தெரிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். அதட்டவில்லை, மிரட்டவில்லை, எங்கள் ஊரில் யாரையும் யாரும் மிரட்ட மாட்டார்கள், 'சாமி' போட்டுத்தான் கழுத்தை அறுப்பார்கள். எல்லோருக்கும் மூத்தவரான நாச்சிமுத்து மோர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ஏம்ப்பா சென்னியப்பா, பட்டறை நின்னா உனக்கு மட்டுமா சோறில்ல, ஊருக்கே இல்ல. அத விடு. நம்ம புள்ளைங்கெல்லாம் கலரு. கலருன்னா அழகுன்னு சொல்லிச் சொல்லி இத்தன நாளு கட்டிக்குடுத்துட்டோம், கட்டிக்கிட்டோம். உன்ற புள்ளயக் கொண்டாந்து நிறுத்தீட்டா, அது நோயின்னு ஆயிரும். அப்ப எங்கூட்டுப் பச்சையும் நோயி, இவங்கூட்டுச் செவப்பும் நோயி. நாளைக்கி எவன் வந்து பொண்ணு கேப்பான்? ஒரு நாள்தான் சாமி. ஒரே ஒரு நாளு இல்லீன்னு சொல்லீரு. கண்ணுக்குத் தெரியாத புள்ளய இல்லீன்னு சொல்றது பொய்யாகுமா சொல்லு."

மயிலாத்தாள் தன் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தின் பின்னால் நின்றாள். துளசிமணி அந்த நேவிப் பெண்ணைப் பார்த்தாள், அதையும் நாளைக்கு ஒருத்தன் பெண் கேட்டு வர வேண்டும்.

பெரியவர்கள் போனபிறகு சென்னியப்பன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "ஒரு நாள்தானே" என்றான். துளசிமணி கருப்புக் கவுனை எடுத்தாள், மடித்தாள், பெட்டிக்குள் அடியில் வைத்துப் பெட்டியை மூடினாள். "அம்மா, எப்பப் போடறது?" என்று இடுப்பருகே குரல் கேட்டது. "நோம்பிக்குப் போடலாஞ் சாமி," என்றாள்.

அதிகாரி வந்தார். நல்ல மனுஷன், நடந்து நடந்து களைத்துப்போயிருந்தார். பள்ளிக்கூட மைதானத்தில் கலர்ப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வரவேற்புப் பாட்டுப் பாடவைத்தோம், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். "பரம்பரையா இப்படித்தானுங்க, எங்க மண்ணு வாகு" என்றோம். ஆற்றில் அன்று தெளிந்த தண்ணீர் ஓடியது, அதற்காகப் பட்டறை மூன்று நாள் சும்மா கிடந்தது. அப்புறம் அவர் வீடு வீடாக வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தில் இருந்த பெயர் நினைவில் இருந்ததால் சென்னியப்பன் வீட்டில் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"சென்னியப்பன் நீங்கதானே? வீட்ல எத்தனை பேரு?"

"நானும் இவளுந்தாங்க."

"குழந்தைங்க?"

சுவரோரமாக நின்ற துளசிமணியின் வலது கைக்குள் ஒரு சின்னக் கை இருந்தது, வியர்த்திருந்தது, புது ஆளைப் பார்த்த கூச்சத்தில் விரலைப் பிசைந்துகொண்டிருந்தது.

"இல்லீங்க," என்றான் சென்னியப்பன்.

"நா இருக்கறனே அப்பா," என்றது குரல்.

அதிகாரி நிமிர்ந்தார். குரல் மெலிந்திருந்தாலும் அவருக்குக் கேட்டுவிட்டது. அறையைச் சுற்றிப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார், துளசிமணியின் முகத்தைப் பார்த்தார். "யாரு பேசினது?" என்று அவளைத்தான் கேட்டார். அந்த ஒரு நிமிஷம் அவள் கையில் இருந்தது. அவள் தன் கையை லேசாகத் தூக்கியிருந்தால் போதும், அவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதும்.

"பக்கத்து வூட்டுப் புள்ளைங்க சார்," என்றான் சென்னியப்பன். "அங்கிருந்து கத்துது."

அதிகாரி இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார், வேறு சத்தம் எதுவும் வரவில்லை என்றதும் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். அவருடைய ஜீப் தெருமுனை திரும்பியபோதுதான் துளசிமணி குனிந்து பார்த்தாள். வலது கை விரல்கள் மடங்கியபடி இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. எப்போது விட்டாள் என்று தெரியவில்லை.

ஊரே தேடியது. அதைச் சொல்லாமல் விட்டால் எங்களுக்கு நியாயம் செய்ததாகாது. நாச்சிமுத்து உட்படப் பெரியவர்கள் எல்லோரும் கையை விரித்துக்கொண்டு தெருத்தெருவாகக் காற்றைத் துழாவி நடந்தார்கள், பச்சையும் நீலமும் மஞ்சளுமாகப் பிள்ளைகள் முள்ளுக்காட்டில் பேர் சொல்லிக் கத்தினார்கள், சென்னியப்பன் பட்டறைக்குப் போய் ஒவ்வொரு தொட்டியிலும் இறங்கி அடியைத் தடவிப் பார்த்தான், இடுப்புவரை மெரூன் ஏறிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். துளசிமணி பெட்டியைத் திறந்து கருப்புக் கவுனை எடுத்துக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "வாடி, போட்டுக்கலாம் வா. இன்னைக்கே போட்டுக்கலாம் வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்த மாதம் தண்ணீர் சுத்தம் என்று அரசாங்கத்திலிருந்து தகவல் வந்தது, பட்டறையில் இரண்டாவது பாய்லர் வைத்தார்கள்.

அதற்கும் சில நாள் கழித்து ஒரு மத்தியானம் மயிலாத்தாள் வந்து கதவருகில் நின்றாள். உள்ளே வராமல், சத்தம் போடாமல் சொன்னாள்.

"துளசி, எங்கூட்டுக்குக் கொஞ்சம் வா. பேசாம வா."

மயிலாத்தாள் வீட்டில் பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நேவிக்கு ஒரு தட்டு, கிளிப்பச்சைக்கு ஒரு தட்டு, நடுவில் இன்னொரு தட்டு. நடுத்தட்டில் கொள்ளுப்பருப்புச் சோறு பிசையப்பட்டது, உருண்டையானது, மேலே போனது, காணாமல் போனது. துளசிமணி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மலரு," என்றாள். "மலரு, அம்மா வந்திருக்கறேன், வா சாமி, நம்மூட்டுக்குப் போலாம்."

நேவியும் கிளிப்பச்சையும் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் பார்த்தார்கள். நடுத்தட்டில் உருண்டை பாதியில் நின்றது. இவ்வளவு மெல்லிய குரலைக் கேட்க மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"மலரு இங்க இல்லீங்க அத்தை. நா பக்கத்து வூட்டுப் புள்ளைங்க."

கோபம் இல்லை அந்தக் குரலில், இருந்திருந்தால் துளசிமணி காலில் விழுந்தாவது அதைத் தணித்திருப்பாள். பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு நடக்கிற நல்ல பிள்ளையின் குரல் அது. வெளியூரிலிருந்து உறம்பரை, விருந்தாட்கள் வந்தால் எப்படிப் பேச வேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள், அப்படித்தான் பேசியது. மயிலாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

துளசிமணிக்கு எழுந்து போகவும் முடியவில்லை, கிட்டே போகவும் முடியவில்லை. கண்ணீரைத் துடைக்காமல் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் உருண்டை மறுபடி மேலே போயிற்று. சாப்பிடுகிற வீட்டில் வந்தவர்களைச் சும்மா உட்காரவைக்கக் கூடாது, இரண்டு வார்த்தை விசாரிக்க வேண்டும் என்பதும் அவள் கற்றுக்கொடுத்ததுதான்.

"அத்தை, உங்க வூட்ல கொழந்தைங்க யாரும் இல்லீங்களா?"

"இருக்குது சாமி," என்றாள் துளசிமணி, தெருவுக்கே கேட்கும்படி. "எனக்கு ஒரு புள்ள இருக்குது."

உருண்டை தட்டில் இறங்கியது, பிள்ளை வாசல் பக்கம் எட்டிப் பார்க்கிறாள் போலிருந்தது.

"எங்கீங்க அத்தை?" என்றது குரல். "காணமுங்களே."